டோக்கன் அக்காவுக்கு முறை வந்தது

“முப்பத்தொண்ணு!” என்று ஒரு முறை. கூடத்தில் யாரும் அசைவதில்லை. “முப்பத்தொண்ணூ...” என்று இழுத்து இரண்டாம் முறை. மூன்றாம் முறையில் இழுப்பு இருக்காது. கதவைச் சாத்துவதுபோல ஒரே வெட்டு. அதற்குள் எழுந்தவர் பிழைத்தார். எழாதவருக்கு எதிரே நோட்டில் ஒரு கோடு விழும். “மூணு தடவை கூப்பிட்டாச்சு. இனிமே கடைசியிலதான்.” அதற்குமேல் அழுதாலும் தொழுதாலும் பலனில்லை.

கண் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக டோக்கன் கொடுக்கும் இவருக்கு டோக்கன் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் அறுபது ஆணிகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட வட்டமான பிளாஸ்டிக் வில்லை. இருபத்தேழு மட்டும் அட்டை. அசல் இருபத்தேழை யாரோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆறு வருடமாகியும் அக்கா அதை மறக்கவில்லை. “மூக்குல மச்சம் இருக்கிற ஆளு. என்னைக்காவது கண்ணு மங்கித் திரும்பி வருவாரு இல்ல?” என்று காத்திருக்கிறார்.

நடுவில் ஒரு நாள் டாக்டர் எண் காட்டும் மின்பலகை ஒன்றை வாங்கி மாட்டினார். ஒரே வாரத்தில் அது கைவிடப்பட்டது. இங்கே வருகிற பாதிப் பேருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். விட்ட பிறகு நாலு மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் பலகையைக் காட்டி என்ன பயன்? குரல்தான் வேண்டும். மருந்து விட்டவர்களை அக்கா கூப்பிடுவதோடு நிறுத்துவதும் இல்லை. எழுந்து போய், முழங்கையைப் பிடித்து, டாக்டரின் கதவு வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போவார். “படி இல்லை, தைரியமா வைங்க காலை.”

நோயாளிகளுக்கு வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள். அக்காவுக்கு மட்டும் சக்கரம் வைத்த நாற்காலி, அதன்மேல் அவரே தைத்த பூப்போட்ட மெத்தை. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. டாக்டரே ஒரு தடவை விளக்கை மாற்ற அதன்மேல் ஏறப் பார்த்தபோது, “ஸ்டூல் கொண்டாரேன் டாக்டர்” என்று நடுவில் வந்து நின்றுவிட்டார்.

வரிசை என்றால் அக்காவுக்கு உயிர். ரொட்டிக் கடையில் முன்பின் தெரியாதவர்களைக்கூட ஒழுங்கு செய்வார். “தம்பி, நீங்க அந்த நீலச் சட்டைக்குப் பின்னாடி.” வீட்டில் நாலு பேருக்கு ஒரு குளியலறை, காலையில் அங்கும் டோக்கன் உண்டு. பஸ் ஓட்டுநரான அவர் கணவர், “கல்யாணம் ஆன நாள்லருந்து நான் இந்த வீட்டுல ரெண்டாம் நம்பர்தான்” என்பார். முதல் நம்பர் அவருடைய தங்கைக்கு. அதாவது, அக்காவின் நாத்தனாருக்கு.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் முதல் இரண்டு வருடம் ஏழாம் பொருத்தம். சண்டை சமையலறை ரேடியோவை வைத்து. ஒருவருக்கு மெல்லிய பாட்டு வேண்டும். இன்னொருவருக்குச் சுவர் அதிர டிரம் வேண்டும். அக்கா தன் வழியில் தீர்ப்புச் சொன்னார்: “ஒரு பாட்டு உனக்கு, ஒரு பாட்டு எனக்கு. முறை மாறினா ரேடியோ மூடு.” அப்படி மாற்றி மாற்றிக் கேட்டதில் என்ன ஆயிற்றோ, ஒருத்தி பாட்டுக்கு இன்னொருத்தி காத்திருக்க ஆரம்பித்தார்கள். இப்போது நாத்தனார் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே ஹெட்ஃபோனில் திரும்புகிறார்கள். இடது காது அண்ணிக்கு, வலது காது நாத்தனாருக்கு.

ஊருக்கு வெளியே ஏரிக்கரை மைதானத்தில் கோடைதோறும் மூன்று நாள் இசைவிழா நடக்கும். டிக்கெட் ஒரு நாள் காலை பத்து மணிக்கு இணையத்தில் விற்பனைக்கு வரும். சூடான எண்ணெயில் விழுந்த தண்ணீர்போல நிமிடத்தில் காணாமல் போகும். நாலு கோடையாக இருவரும் முயன்றார்கள். நாலு கோடையும் கிடைக்கவில்லை. வேலிக்கு வெளியே, ஏரிக்கரைமேல், மேடைக்குப் பின்புறமாகத் துண்டு விரித்து உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பாட்டு. அந்தப் பக்கம் அடித்தால் டிரம் மட்டும். “நாலு வருஷமா பாட்டோட முதுகைத்தான் அண்ணி கேட்டுட்டு இருக்கோம். ஒரு தடவை மூஞ்சியப் பாக்கணும்” என்பார் நாத்தனார்.

கிடைக்காமல் போன கதைகளை அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார். முதல் வருடம் காலை ஆறு மணிக்கே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தான்தான் முதல் ஆள் என்று நினைப்பு. பத்து மணிக்கு எல்லாரையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கித்தான் வரிசை எண் கொடுப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. வந்தது நாற்பதாயிரத்துச் சொச்சம். “ஆறு மணிக்கு வந்தவளும் பத்து அடிக்க ஒரு நிமிஷம் இருக்கிறப்ப வந்தவனும் ஒண்ணா? குலுக்கிப் போடறதுக்குப் பேரு வரிசையா? என் கூடத்துல இப்படிப் பண்ணினா மூக்குக்கண்ணாடியெல்லாம் பறக்கும்!” டிக்கெட் போனதைவிட அந்த அநியாயம்தான் அவரை ஒரு மாதம் வாட்டியது. அடுத்த வருடம் முந்நூறாவது ஆளாக வந்தும், எண் நகரவில்லையே என்று பதறி, பக்கத்தைப் புதுப்பிக்க ஒரு தட்டுத் தட்டினார். வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வருடம் கெடுத்தது கணவர். நீங்கள் இயந்திரமல்ல, மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லி ஒன்பது படங்கள் வந்தன. பஸ் இருக்கும் படங்களைத் தொட வேண்டும். “இதுக்குத்தான் என்னைக் கேக்கணும்” என்று பஸ் ஓட்டுநர் ஃபோனை வாங்கினார். “இது பஸ்ஸு. இது பஸ் இல்ல, வேன். இது பஸ்ஸு மாதிரி பாடி கட்டின லாரி. சேஸிஸப் பாத்தா தெரியலையா?” இருபது வருட அனுபவத்தோடு அவர் பொறுக்கித் தொட்டதும், இவர் மனிதரே இல்லை என்று சொல்லி அது வெளியே தள்ளிவிட்டது. “எனக்கா பஸ் தெரியாது?” என்று அவர் இன்றைக்கும் அந்தத் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை.

போன வருடம் நடந்ததை மட்டும் அக்கா கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். எல்லாம் சரியாக வந்தது. கடைசிப் படியில், மீதம் ஒரே ஒரு டிக்கெட் என்று காட்டியது. “நீங்க போங்க அண்ணி.” “நீ சின்னவ, நீ போ.” “நான் அடுத்த வருஷம் போறேன்.” “சொன்னா கேளுடி!” என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்ததில், டிக்கெட் எடுக்கக் கொடுத்த பத்து நிமிடம் முடிந்து, அந்த ஒன்றும் போய்விட்டது. அன்றைக்கு இருவருக்கும் வருத்தமே வரவில்லையாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

இந்த வருடம் அப்படிச் சிரிக்க முடியாது. மருந்துக் கடைக்காரர்கள் வேறு ஒரு பெரிய ஊரில் கிளை திறக்கிறார்கள். கோடை முடிந்ததும் நாத்தனார் அங்கே பொறுப்பெடுக்கப் போகிறார். நல்ல வேலை, நல்ல பதவி. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பெட்டி வாங்கியாயிற்று. அடுத்த வருடம் என்று தள்ளிப்போட இனி ஒன்றுமில்லை. “போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் மேடைக்கு முன்னாடி நிக்கறோம்” என்று அக்கா சொல்லிவிட்டார். டிக்கெட் நாளன்று மேசையில் ஃபோன் வைத்துக்கொள்ள டாக்டரிடம் அனுமதியும் கேட்டார். டாக்டர் சிரித்தார். “இன்னிக்கு நீங்க டோக்கன் வாங்கப் போறீங்களா?”

அன்றைக்குக் காலை ஒன்பது மணி இருக்கும். பத்தொன்பதாம் எண்காரர், அவசர வேலை வந்துவிட்டது என்று டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மருந்து அறை வாசலில் நர்ஸ் கையில் புட்டியோடு நின்றார்.

“அக்கா, உங்க கண்ணைப் பாக்கணும்னு டாக்டர் ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்காரு. இப்ப ஒரு இடம் வீணாப் போகுது.”

வீண் என்ற சொல் போதும். ஒரு டோக்கன் வீணாவதை அக்காவால் தாங்க முடியாது. பத்தொன்பது என்று தானே கூப்பிட்டு, தானே எழுந்து போய், தலையை அண்ணாந்து உட்கார்ந்துவிட்டார். இடது கண்ணில் இரண்டு சொட்டு. வலது கண்ணில் இரண்டு சொட்டு.

பத்துக்குக் கால் மணி இருக்கும்போது டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து நோட்டைப் பார்த்தார். எழுத்தெல்லாம் மழையில் நனைந்த எறும்பு வரிசைபோல ஊர்ந்தது. ஃபோனை எடுத்தார். வெறும் வெள்ளைச் சதுரம். கையை நீட்டிப் பார்த்தார். இன்னும் நீட்டினார். கைதான் நீளம் போதவில்லை.

“ஐயையோ!” என்றார் அக்கா.

‘மருந்து போட்டா நாலு மணி நேரம் ஃபோன் பாக்க முடியாது, வேலை இருந்தா முன்னாடியே முடிச்சுக்கோங்க’ என்று ஒரு நாளைக்கு முப்பது பேருக்குச் சொல்கிறவர் அவர்தான்.

நல்லவேளையாக, பக்கத்தை வீட்டிலேயே திறந்து வைத்திருந்தார். பத்து அடித்து இரண்டு நிமிடத்தில் நாத்தனார் மருந்துக் கடையிலிருந்து அழைத்தார்.

“அண்ணி, எனக்கு முன்னாடி அறுபத்தோராயிரம் பேரு. என் கதை முடிஞ்சுது. உங்களுக்கு எவ்வளவு?”

“தெரியலடி.”

“இன்னும் நம்பர் வரலையா?”

“வந்திருக்கும். எனக்குத்தான் கண்ணு தெரியல. மருந்து போட்டுக்கிட்டேன்.”

 அந்தப் பக்கமிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு குரல் வந்தது. “ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில! அண்ணி, யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்க!”

யாரைக் கூப்பிடுவது? நர்ஸ் டாக்டரோடு உள்ளே இருந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மருந்து விட்டாயிற்று. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். துணைக்கு வந்தவர்கள் வெளியே மரத்தடியில்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் போட்டதும் அக்காதான். வெளியே போய் ஒருவரைக் கூட்டி வரலாம் என்று எழுந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்காரர் வந்தார்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர். மாதம் ஒரு முறை கண் அழுத்தம் பார்க்க வருவார். வரும்போதெல்லாம் ஒரே பாட்டு. “அக்கா, ஒருத்தர் லிஃப்டுல மாட்டிக்கிட்டு நிக்கறாரு. ரெண்டு நிமிஷ வேலை. என்னை மட்டும் முன்னாடி விட்டுடுங்க.” அக்காவின் பதிலும் மாறாது. “மாட்டிக்கிட்டவருக்கும் சேர்த்து ஒரு டோக்கன் தரவா சார்?”

அன்றைக்கு அக்கா அவருக்கு நாற்பத்தாறாம் எண்ணைக் கொடுத்தார். கொடுத்த கையை அப்படியே நீட்டியபடி, “சார், உங்களுக்கு இன்னும் மருந்து போடலை இல்ல? இந்த ஃபோன்ல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? ரெண்டு நிமிஷ வேலைதான்” என்றார்.

லிஃப்ட்காரர் அக்காவைப் பார்த்தார். கண்மணி முழுக்கப் பெரிதாகி ஆந்தைபோல விழித்துக்கொண்டிருந்த அக்காவை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எத்தனையோ மாதமாகக் காத்திருந்த நேரம்!

“டோக்கன் இருக்கா?” என்றார்.

கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர்களில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அக்கா திரும்பி, தடவிப் பார்த்து, வழவழப்பு இல்லாத அந்த ஒரே வில்லையைக் கண்டுபிடித்து எடுத்தார். அட்டை இருபத்தேழு.

“இந்தாங்க. இப்ப படிங்க.”

லிஃப்ட்காரர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டார். “உங்க முன்னாடி பதினாலு பேரு... ஒம்பது... அக்கா, உங்க முறை வந்துடுச்சு! பத்து நிமிஷத்துக்குள்ள முடிக்கணுமாம். ஏதோ படம் காட்டுது. நீங்க மனுஷர்தானான்னு கேக்குது.”

“என்ன படம்?”

“பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொடணுமாம். இதுல ஒண்ணு வேன் மாதிரி இருக்கு...”

“யோசிக்காதீங்க சார்! வேனோ லாரியோ, ஜன்னல் வச்சிருந்தா பஸ்தான். தொடுங்க!”

தொட்டார். அக்கா மனிதர்தான் என்று அது ஒப்புக்கொண்டது.

சரியாக அந்த நேரம் டாக்டரின் மணி அடித்தது. அடுத்த ஆள். அக்கா ஒரு கணம் ஃபோன் இருந்த பக்கம் பார்த்தார். அப்புறம் மூச்சை இழுத்து, “முப்பத்தினாலு!” என்றார். ஒரே கூப்பாட்டில் மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, காற்றில் கையைத் துழாவினார். அக்கா விறுவிறுவென்று போய் அவர் முழங்கையைப் பிடித்தார். லிஃப்ட்காரர் ஃபோனைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

“அக்கா, ஏழு நிமிஷம்தான் இருக்கு!”

“படி இல்லைம்மா, தைரியமா வைங்க. நீங்க படிங்க சார்.”

“எத்தனை டிக்கெட்டுன்னு கேக்குது.”

“ரெண்டு.”

“சரி, ரெண்டு... இருங்க. சுத்துது.”

அக்கா நின்றுவிட்டார். முப்பத்தினாலாம் எண் அம்மாவும் நின்றார். “ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லுதா?” என்று கேட்டார் அக்கா.

“இன்னும் சுத்துது.”

“ஏம்மா, நான் உள்ள போகணுமா வேண்டாமா?” என்றார் அந்த அம்மா. “போங்கம்மா போங்க” என்று சொன்னாலும் அக்கா பிடித்த கையை விடவில்லை. அந்த அம்மாவும் இழுத்துக்கொள்ளவில்லை. “சரி, அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டே போறேன்” என்றார்.

“ரெண்டு இருக்கு!” என்று கத்தினார் லிஃப்ட்காரர்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். அம்மாவை உள்ளே விட்டுத் திரும்பிய அக்கா, வங்கி அட்டையின் பதினாறு எண்களையும் மனப்பாடமாக லிஃப்ட்காரரின் காதோடு சொன்னார். எண்கள் விஷயத்தில் அவருக்குப் புத்தகம் வேண்டாம். “உடனே மறந்துடணும் சார்.” “என் டோக்கன் நம்பரே எனக்கு ஞாபகம் இல்லக்கா.” நாத்தனாரின் பெயரைத் தட்டும்போது ஒரு எழுத்துத் தவறி, அழித்து, மறுபடி தட்டினார்கள். ஒரு நிமிடம் மீதி இருக்கும்போது லிஃப்ட்காரர் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்தார். அவர் லிஃப்டிலிருந்து ஆட்களை இறக்கும்போதுகூட அப்படி வியர்த்திருக்காது.

“ரெண்டு டிக்கெட். மூணு நாளும். மேடைக்கு முன்பக்கம். உறுதின்னு போட்டிருக்கு அக்கா.”

“இன்னொரு தடவை படிங்க சார்.”

படித்தார்.

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

அதையும் படித்துவிட்டு நிமிர்ந்தால், அக்கா மறுபடி வாயைத் திறந்தார்.

“மூணு தடவை சொல்லியாச்சு. இனிமே கடைசியிலதான்” என்றார் லிஃப்ட்காரர், அக்காவின் குரலிலேயே.

அக்கா மருந்துக் கடைக்கு அழைத்து, “அடியே, முன்பக்கம்!” என்று மட்டும் சொன்னார். ஃபோனிலிருந்து வந்த அலறல் கூடம் முழுக்கக் கேட்டது. அங்கே மருந்து வாங்க நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ, இங்கே இருந்தவர்கள் கைதட்டினார்கள். இரண்டு வரிசை ஆட்கள், கண்ணைத் திறக்காமலே, மேடையில் யாரோ பாடி முடித்தமாதிரி தட்டினார்கள். மருந்தினாலோ மற்றதினாலோ அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அவர் துடைக்கவுமில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் லிஃப்ட்காரர் அட்டை இருபத்தேழைத் திருப்பிக் கொடுத்தார். குரலைத் தாழ்த்தி, “அக்கா, இப்பவாவது என்னை உள்ள விடலாம் இல்ல? நிஜமாவே ஒருத்தர் மாட்டிக்கிட்டு நிக்கறாரு” என்றார்.

“உங்க நம்பர் நாப்பத்தாறு சார்.”

“தெரியும்” என்று சிரித்துக்கொண்டு அவர் இரும்பு நாற்காலிகள் பக்கம் திரும்பினார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றார் அக்கா. மேசைக்குப் பின்னாலிருந்து தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அதை லிஃப்ட்காரரின் பக்கத்தில் நிறுத்தி, பூப்போட்ட மெத்தையை இரண்டு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போய், மேசையருகே நின்றுகொண்டு கூப்பிட்டார்.

“முப்பத்தஞ்சு!”